மாறாத தலைப்பிரட்டை



ஐப்பசி அடைமழை ஓய்ந்தபின் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைக் குட்டைகளிலே தலைப்பிரட்டைகள் மொய்ப்பதைக் கண்டிருப்பீர்கள். திருச்சிராப்பள்ளியில் ஆசிரியனாயிருந்தபோது, அவற்றைக் கண்ணாடித் தொட்டியிலிட்டு, வெந்த கீரை கொடுத்து, வகுப்பறையில் வளர்ப்பேன். கால்கள் முளைத்ததும் ஏறி உட்காரக் கல்லொன்று வைக்க வேண்டும். இல்லையேல் குட்டித் தவளை மூழ்கி இறக்கும்.

"ஐயா, இது தவளையாகாமலே இருந்துவிட முடியுமா?" என்றான் ஒரு மாணவன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். "முடியாது, உட்கார்" என்றேன்.

சாலமாண்டர் என்பது பல்லியின் உருவமும் தவளையின் இயல்பும் உடைய பிராணி. நம் பக்கத்தில் இல்லை. அதன் இனத்தது ஒன்று டார்ஜிலிங் மலைப்புறத்தில் உண்டு. 1864-இல் மெக்ஸிகோவிலிருந்து ஆக்சலாட்டில் என்னும் நீர்ப்பிராணிகள் பாரிஸ் நகருக்கு வந்தன. வெளியே தெரியும் செவுள்களுடன் நீரிலேயே வாழ்ந்து, 1865-இல் முட்டையிட்டன. முட்டையிட்டது முழு வளர்ச்சியுற்ற பிராணியாகத்தானே இருக்கவேண்டும்? ஆனால் குஞ்சுகளிற் சில செவுள்களை இழந்து, தரைவாழ் சாலமாண்டர்களாயின! பெற்றவையோ இளம்பருவ உருவிலேயே நின்றன. வளர்த்த பேராசிரியர் டுமேரில் திகைத்துப் போனார்.

விடை கழுத்துச் சுரப்பியில் இருந்தது. 1912-இல் குடர்நாச் என்பார் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டை உணவாகக் கொடுத்தார். அவை விரைந்து, ஈயளவுத் தவளைகளாயின. 1920-இல் ஜூலியன் ஹக்ஸ்லி மாட்டின் தைராய்டை ஊட்ட, ஆக்சலாட்டிலும் தரையேறிற்று. இடையே, 1916-இல், அமெரிக்கராகிய ஆலன் தலைப்பிரட்டைகளின் தைராய்டை அகற்றினார். அவை பெருத்து வளர்ந்தன, தவளையாகவில்லை.

இதை நான் படித்தபோது அம்மாணவன் பள்ளியை விட்டுப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. இன்று எங்கேனும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின்: தம்பி, முடியும்.