அரிதலும் அரித்தலும்

செப்புத் தகட்டினின்று அச்சிடப்பெறும் ஐரோப்பியப் படங்களையெல்லாம் ‘செதுக்கோவியம்’ என ஒரே சொல்லாற் குறித்தல் இருவேறு தொழில்களை மயங்கவைக்கும். ஒன்றில், கைவினைஞன் கூரிய உளியை உள்ளங்கையால் தள்ளி உலோகத்தை வெட்டிக் கோடு அமைப்பான். மற்றொன்றில், தகட்டின்மீது மெழுகும் பிசினும் கலந்த பூச்சிட்டு, ஊசியாற் பூச்சினை மட்டுமே கீறி, அதனை அமிலத்தில் இடுவான். திறந்த இடத்தை அமிலமே தின்று பள்ளமாக்கும். ஆங்கிலத்தார் இதனை எச்சிங் என்பர். அச்சொல் ‘உண்பித்தல்’ எனப் பொருள்படும் செருமானிய வினையினின்று டச்சு மொழி வழியாக வந்தது. தமிழிலோ வெட்டுதற்கு அரிதல் என்றும், கரையான்போலத் தின்றுசெல்லுதற்கு அரித்தல் என்றும் இரு வினைகள் உள. உளித்தொழில் அரிதல், அமிலத்தொழில் அரித்தல். இங்ஙனம் வழங்கின் மயக்கம் நீங்கும்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. இருப்புக் கவசங்களுக்கு அணிசெய்தோரின் தொழிலாக இருந்த அரித்தல், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாளில் அச்சிடும் கலையாயிற்று. டூரர் 1515 முதல் 1518 வரை இரும்புத் தகடுகளில் இதனை முயன்றார். ஆறு படங்களோடு விடுத்து உளிக்கே மீண்டார். பின்வந்தோர் நெடுங்காலம் அரித்தலை அரிதலின் எளிய பதிலியாகவே கருதினர். பிரெஞ்சுக் கலைஞர் சாக் கல்லோ கடினப் பூச்சினையும் சாய்வாக வெட்டிய முனையுடைய கருவியையும் கொண்டு, உளிக்கோடுபோலப் பருத்துச் சிறுக்கும் கோட்டினை அமிலத்தாற் பெற்றார். 1633இல் வெளிவந்த அவர்தம் போர்த்துயர்ப் படங்கள் பதினெட்டும் அத்திறத்துக்குச் சான்று. அவர் முறையைப் போற்றிய அபிரகாம் போசு, 1645இல் பாரிசில் வெளியிட்ட கையேட்டில், அரிப்போன் உளியின் தூய்மையைப் பின்பற்றுக என்றே கற்பித்தார். கல்லோவின் திறம் வியக்கத்தக்கது; ஆயினும் அது கடன்பெற்ற அழகே என்பது எம் கருத்து.

அதே 1645ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டில் இரெம்பிராண்டு ‘சிக்சின் பாலம்’ எனப்பெறும் படத்தை அரித்தார். ஊழியன் அடுத்த ஊர் சென்று கடுகு வாங்கி வருமுன் இதனை வரைந்து முடித்தார் என்றொரு கதை பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்தது. கதை மெய்யோ பொய்யோ, கோடுகளின் விரைவைக் கண்டோர் கட்டியது அது. உளியைத் தள்ளும் கை இங்ஙனம் ஓடாது. மெல்லிய பூச்சில் ஊசி, தாளில் இறகுபோல ஓடும். மரத்தின் இலைகள் சில சுழிகள். பாலத்தின் கைப்பிடி சில கீற்றுக்கள். வானமும் நீரும் பெரும்பாலும் வெறுந்தாள். போசு விலக்கச் சொன்ன ஒழுங்கின்மையே ஈண்டுக் காற்றாகவும் ஒளியாகவும் நிற்கின்றது.