தாமதித்து வரும் தரவும் ஜாவாஸ்கிரிப்ற் நிரல்களும்

1995 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்துக்காகப் பிரென்டன் ஐக் பத்து நாள்களில் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ற் மொழி, ஒரு நேரத்தில் ஒரு பணியையே ஆற்றும் இயல்பினது. சேவையகத்திடம் தரவு கேட்டு, அது வருமளவும் நிரல் வாளாவிருப்பின் திரை உறைந்துவிடும். ஆதலின் கேள்வியை அனுப்பிவிட்டு வேறு பணி பார்ப்பதே அதற்கு இயல்பான வழியாயிற்று. 1999 இல் மைக்றோசொவ்ற்றின் உலாவி இதற்கு வசதியளித்தது. 2005 இல் ஜெசி ஜேம்ஸ் கரெற் இம்முறைக்கு 'அஜாக்ஸ்' எனப் பெயரிட்டார்.

இடர்ப்பாடு இங்குதான் தொடங்குகிறது. நூலகப் பட்டியலில் ஒருவர் 'பாரதி' எனத் தேடி, உடனே 'பாரதிதாசன்' என மாற்றுகிறார் என்க. இரண்டாவதன் விடை முந்தி வந்து திரையில் அமர்கிறது. முதலாவதன் விடை பிந்தி வந்து அதனை அழித்துவிடுகிறது. பெயர் ஒன்று, பட்டியல் வேறொன்று. நிரலின் எந்த வரியிலும் பிழையில்லை. விடைகள் வந்த வரிசையே பிழை. நூலகத்தில் இது சிறு தொல்லை. நோயாளி ஒருவரின் பெயரின்கீழ் இன்னொருவரின் மருந்து விபரம் தோன்றுமாயின் அவ்வாறு கூற முடியாது.

2015 இல் டான் அப்றமோவும் அன்று கிளார்க்கும் அளித்த 'ரிடக்ஸ்', நிரலின் நிலை முழுவதையும் ஒரே களஞ்சியத்தில் வைத்துத் தூய சார்புகளாலேயே மாற்றவேண்டுமென விதித்தது. தூய சார்பு காத்திருப்பதற்கு இடந்தராது. எனவே காத்திருத்தல் 'தங்க்', 'சாகா' முதலிய இணைப்புகளுக்குத் தள்ளப்பட்டது. இப்பெயர்கள் புதியனவல்ல: முன்னையது அல்கோல் மொழிக் காலத்தது, பின்னையது 1987 இல் தரவுத்தள ஆய்வாளரான கார்சியா-மொலினாவும் சேலமும் வழங்கியது. முந்திய கேள்வியைக் கைவிடச் சாகாவால் இயன்றது. ஆயினும், ஒவ்வொரு தரவுக்கும் கேட்டது, கிடைத்தது, தவறியது என மும்மூன்று செய்திகள் எழுதவேண்டியிருந்தமையால் நிரலாளர் சலிப்புற்றதில் வியப்பில்லை.

உண்மையில் பிழை ஆழமானது. சேவையகத்துக்கு உரிய தரவை நிரல் தன் உடைமையாகக் கருதிற்று. அதனிடமிருந்ததோ வெறும் படியே. இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு 2019 இல் ரனர் லின்ஸ்லியின் 'றியக்ற் குவெரி' தோன்றியது. 2021 இல் ரிடக்ஸ் கருவித்தொகுதியும் அவ்வழி சென்றது. இம்முறையில் ஒவ்வொரு படியும் தன்னை வருவித்த கேள்வியின் பெயரிலேயே வைக்கப்படும். பழையதானால் அதனைக் காட்டிக்கொண்டே புதியது பெறப்படும். 'பாரதி'க்கான விடை எவ்வளவு பிந்தி வரினும் தன் இடத்திற் சென்று அமரும். 'பாரதிதாசன்' பட்டியலைத் தீண்டாது.