விரலடையாளமும் ஆட்சியின் நாணயமும்: திரான்ஸ்வால் ஆசியர் பதிவுச் சட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஓர் அரசு தன் எல்லைக்குள் வாழ்வோரையும் அங்கு வருவோரையும் இனங்காண விழைவது புதுமையன்று. ஆனால், ஒருவரது சொல்லையும் கையொப்பத்தையும் நம்பாது அவரது உடலையே சான்றாகக் கொள்ளும் முறை அண்மைக்கால வரலாற்றுக்குரியது. இன்று விமான நிலையங்களில் விரலையும் முகத்தையும் கருவிழியையும் பதிவுசெய்யும் இயந்திரங்களைக் காண்கின்றோம். அவற்றின் தொழில்நுட்பம் புதியதாயினும், அவை எழுப்பும் அரசியல் வினா ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையது. மக்களிடம் உடற்சான்று கேட்கும் ஆட்சி தன் நாணயத்துக்கு எதனைச் சான்றாகக் காட்டுகின்றது என்பதே அவ்வினா.

இவ்வினா தெளிவாக எழுப்பப்பட்ட களங்களுள் ஒன்று தென்னாபிரிக்காவின் திரான்ஸ்வால் ஆகும். 1906 முதல் 1914 வரை அங்கு நடைபெற்ற ஆசியர் போராட்டம், சத்தியாக்கிரகத்தின் பிறப்பு வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. தனியொரு தலைவரின் ஆன்மிக வளர்ச்சியாக அதனை நோக்குவோர், அப்போராட்டம் குடிவரவு அலுவலகமொன்றின் இலஞ்ச ஊழலுடன் கொண்டிருந்த தொடர்பினைப் போதியளவு கவனிப்பதில்லை. இக்கட்டுரையில் நாம் அத்தொடர்பினையே ஆராய முற்படுகின்றோம்.

1. வங்காளத்திலிருந்து திரான்ஸ்வாலுக்கு

விரலடையாளத்தை ஆட்சிக் கருவியாக்கும் முயற்சி குடியேற்ற நாடொன்றிலேயே உருப்பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1858ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹேர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தகாரரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தப் பத்திரமொன்றிற் பெற்றார். பின்னாளில் கையொப்பத்தை மறுக்காதவாறு அவரை அச்சுறுத்துவதே நோக்கமாக இருந்ததென்று ஹேர்ஷலே குறிப்பிட்டுள்ளார். 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியம் பெறுவோரிடமும், பத்திரங்களைப் பதிவு செய்வோரிடமும், சிறைக்கைதிகளிடமும் விரலடையாளம் பெறும் முறையை அவர் நடைமுறைப்படுத்தினார்.

தனித்தனிப் பதிவுகளைத் தேடியெடுக்கக்கூடிய தொகுப்பாக மாற்றும் வகைப்பாட்டு முறை வங்காளப் பொலிஸ் திணைக்களத்தில் உருவாயிற்று. அது எட்வேர்ட் ஹென்றியின் பெயரால் வழங்கினும், அதன் கணித அடிப்படையை அமைத்தவர்கள் அவரின் கீழ்ப் பணிபுரிந்த அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இந்தியர்களே. 1897இல் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் நிறுவப்பட்டது. போயர் யுத்தக் காலத்தில், 1900ஆம் ஆண்டு, ஹென்றி தென்னாபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு ஜோகன்னஸ்பேர்க், பிரிட்டோரியா நகரங்களின் பொலிஸ் சேவையை ஒழுங்கமைத்தார். இவ்வாறு விரலடையாள முறை தங்கச் சுரங்கங்களின் நாட்டை அடைந்தது. 1904 முதல் அச்சுரங்கங்களுக்குக் கொண்டுவரப்பட்ட 60,000க்கு மேற்பட்ட சீன ஒப்பந்தத் தொழிலாளரிடம் அது பரந்த அளவிற் பயன்படுத்தப்பட்டது. மலிவான உழைப்பு வேண்டும், ஆயின் உழைப்பவர் உரிமையுடன் நிலைபெறக்கூடாது என்னும் சுரங்க முதலாளித்துவத்தின் தேவைக்கு இம்முறை ஏற்றதாயிற்று.

2. அனுமதிப்பத்திர வாணிகம்

1902இல் யுத்தம் முடிவுற்றதும், அதன்போது வெளியேறியிருந்த மக்கள் திரான்ஸ்வாலுக்குத் திரும்பத் தொடங்கினர். திரும்புவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டப்பட்டது. ஐரோப்பியர் துறைமுகங்களிற் கேட்டவுடன் அதனைப் பெற்றனர். இந்தியரும் சீனரும் ஆசியர் திணைக்களம் என்னும் தனி அமைப்பின் ஊடாகவே விண்ணப்பித்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஒரு மக்கட் பிரிவினர் அனைவரதும் வாழ்வுரிமை ஒரு சில அதிகாரிகளின் கையிற் குவிந்தது. அவர்களைக் கேள்வி கேட்கக்கூடிய வாக்குரிமை அம்மக்களுக்கு இருக்கவில்லை. இலஞ்சத்திற்கு இதனினும் வாய்ப்பான சூழலைக் காண்டல் அரிது.

உரியவர்கள் உள்ளே விடப்படுவதில்லை, உரிமையற்றவர்களோ 100 பவுண் கொடுத்து நுழைகின்றனர் என்ற முறைப்பாடு ஜோகன்னஸ்பேர்க்கில் நாள்தோறும் தம்மை எட்டியதாகக் காந்தி தமது சுயசரிதையில் எழுதுகின்றார். அவர் சான்றுகளைத் திரட்டிப் பொலிஸ் ஆணையாளரிடம் சமர்ப்பித்தார். அதிகாரிகள் இருவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஒருவர் தப்பியோடிப் பின்னர் பிடித்துக் கொண்டுவரப்பட்டார். வலுவான சான்றுகள் இருந்தும் வெள்ளை யூரிகள் இருவரையும் குற்றமற்றவர்களெனக் கண்டனர். எனினும் அவர்களது குற்றம் வெளிப்படையாக இருந்தமையால் அரசாங்கம் அவர்களைப் பதவிநீக்கம் செய்தது.

இவ்வழக்கின் முடிவு ஆழ்ந்து நோக்கற்பாலது. பதவி பறிக்கப்பட்டமை அரசாங்கம் குற்றத்தை உணர்ந்திருந்ததைக் காட்டுகின்றது. தண்டனை கிட்டாமை அக்குற்றத்திற்குப் பொறுப்பேற்கும் நீதி அமைப்பு அங்கு இல்லாமையைக் காட்டுகின்றது. சட்டவிரோதக் குடிவரவு என்று பின்னர் பெரிதாகப் பேசப்பட்டதில் ஒரு பங்கேனும் அலுவலக மேசையிலேயே விலைபேசப்பட்டது என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

இதற்கிடையில், 1903ஆம் ஆண்டளவில், பழைய போயர் ஆட்சியின் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்தியர் மீண்டும் பதிவுசெய்துகொள்ள வேண்டுமென மில்னர் பிரபு கேட்டார். ஒருமுறை பதிந்தால் மறுபடியும் பதிய வேண்டியதில்லை என அவர் உறுதியளித்தார். இந்தியர் இணங்கிப் பெருவிரலடையாளமிட்ட பத்திரங்களைப் பெற்றனர். அடையாளமிடுதல் என்பதையே அவர்கள் வெறுத்தனர் எனக் கூறுவதற்கு வரலாற்றில் இடமில்லை என்பதற்கு இதுவொன்றே போதும்.

3. 1906ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம்

1906 ஆகஸ்ட் 22இல் திரான்ஸ்வால் அரசாங்க வர்த்தமானியில் ஆசியர் சட்டத் திருத்த வரைவு வெளியாயிற்று. அதனை உருவாக்கியவருள் முதன்மையானவர் உதவிக் குடியேற்றச் செயலாளர் லயனல் கேர்ட்டிஸ். எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் ஒவ்வொருவரும் பழைய பத்திரத்தை ஒப்படைத்துப் புதிதாகப் பதிதல் வேண்டும். பத்து விரல்களின் அடையாளங்களையும் அளித்தல் வேண்டும். பொலிசார் எவ்விடத்தும் பத்திரத்தைக் கேட்கலாம், அதனைப் பரிசோதிக்க வீட்டினுள்ளும் நுழையலாம். வியாபார உரிமத்திற்கும் துவிச்சக்கரவண்டி உரிமத்திற்குங்கூட அதனைக் காட்டுதல் வேண்டும். தவறுவோர் அபராதம், சிறை, நாடுகடத்தல் ஆகியவற்றுக்கு ஆளாவர். முதல் வரைவிற் பெண்களும் அடங்கினர். எதிர்ப்பின் பின்னரே அவர்கள் விலக்கப்பட்டனர்.

ஆசியர் பெருந்தொகையாகக் களவாக நுழைகின்றனர் என்பதே அரசாங்கம் கூறிய காரணம். அதிகாரிகள் பத்திரம் விற்றதனால் எழுந்த ஐயத்துக்கும் பத்திரம் வாங்காத மக்களே விடை கூறவேண்டியதாயிற்று. திணைக்களத்தின் மீது மேற்பார்வைக் குழு எதனையும் இச்சட்டம் அமைக்கவில்லை. அதிகாரிகளுக்குரிய கடமைகளிலும் மக்களுக்குரிய தண்டனைகளே அதில் விரிவாகக் கூறப்பட்டன. ஹென்றியின் நூலைப் படித்த காந்தி, பத்து விரலடையாளமும் சட்டத்தாற் கோரப்படுவது குற்றவாளிகளிடமே என்பதைக் கண்டார். இருபாலாரும் சிறுவரும் அடங்கிய ஒரு சமூகம் முழுவதும் குற்றவாளிக் கூட்டமாக முன்கூட்டியே வகைப்படுத்தப்பட்டதாக அம்மக்கள் உணர்ந்ததில் வியப்பில்லை.

1906 செப்டெம்பர் 11இல் ஜோகன்னஸ்பேர்க் எம்பயர் அரங்கில் ஏறத்தாழ 3,000 பேர் கூடி, இச்சட்டத்துக்குப் பணிவதில்லை எனச் சூளுரைத்தனர். காந்தியும் எச். ஓ. அலியும் இலண்டன் சென்று எல்ஜின் பிரபுவைச் சந்தித்தனர். முடிக்குரிய அங்கீகாரம் மறுக்கப்பட்டது. ஆயின் திரான்ஸ்வால் 1907 தொடக்கத்திற் பொறுப்பாட்சி பெற்றதும், அதே சட்டம் அவ்வாண்டு மார்ச் 21இல் ஒரே அமர்வில் நிறைவேறியது. இம்முறை இலண்டன் இணங்கியது. ஏகாதிபத்திய மையத்தின் நடுநிலைமை பற்றிய நம்பிக்கையும் இத்துடன் குலைந்தது.

1907 ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அனுமதி அலுவலகங்களின் முன் மறியற்காரர் நின்றனர். வசதி படைத்த வணிகர் சிலர் இரவு ஒன்பது, பத்து மணிக்குமேல் தனியார் வீட்டில் அதிகாரியைச் சந்தித்துப் பத்திரம் பெற ஏற்பாடு செய்துகொண்டதைக் காந்தி பதிவுசெய்துள்ளார். ஒழுங்கின் பெயரால் இயற்றப்பட்ட சட்டம் இரவில் மறைவாக நிறைவேற்றப்பட்டமை அதன் தார்மிக வறுமைக்கு எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு நவம்பர் முடிவில், ஏறத்தாழ 13,000 ஆசியருள் 500 பேரளவிலேயே பதிந்திருந்தனர்.

4. ஐயத்தின் பரவல்

1908 ஜனவரியில் சிறையிலிருந்த காந்தி, தம்பி நாயுடு, சீனத் தலைவர் லியுங் குவின் ஆகிய மூவரும் கையொப்பமிட்ட கடிதத்தின் அடிப்படையில் ஜெனரல் ஸ்மட்ஸுடன் உடன்பாடு ஏற்பட்டது. ஆசியர் தாமாக முன்வந்து பதிவர். அதன்பின் சட்டம் நீக்கப்படும் என்பதே காந்தியின் விளக்கம். சட்ட நீக்கம் பற்றிய வாக்குறுதி அக்கடிதத்தில் தெளிவாக எழுதப்படவில்லை. பத்து விரலும் பதிக்குமாறு பிறரைக் கேட்ட ஆட்சியாளர், தமது முதன்மையான வாக்குறுதியை எழுத்தின்றி விட்டனர்.

நேர்மையற்ற ஆட்சியுடன் பேசுவோர்மீதும் ஐயம் படர்வது இயல்பு. காந்தி 15,000 பவுணுக்குச் சமூகத்தை விற்றுவிட்டார் என்ற வதந்தி பரவியது. பெப்ரவரி 10ஆம் நாள் பதிவலுவலகத்துக்குச் சென்ற அவரை மீர் ஆலம் என்னும் பட்டாணியரும் வேறு சிலரும் தாக்கினர். தடுக்க முயன்ற தம்பி நாயுடுவும் காயமுற்றார். அனுமதிப்பத்திரம் முதல் நீதி வரை யாவும் விலைக்கு வாங்கப்படுவதைக் கண்ட மக்கள், தலைமைத்துவமும் வாங்கப்பட்டிருக்கும் எனக் கருதியது அவர்களது அனுபவத்தின் வழிப்பட்ட முடிவேயாகும்.

அன்றே காந்தி படுக்கையிலிருந்தவாறு பத்து விரலடையாளங்களையும் அளித்தார். ஆசியருட் பெரும்பாலோர் தாமாகப் பதிந்தனர். சட்டமோ நீக்கப்படவில்லை. ஆகஸ்ட் 16இல் ஹமீதியா பள்ளிவாசல் முன்றலில் 2,000க்கு மேற்பட்ட பத்திரங்கள் பெரும் இரும்புக் கொப்பரையில் இடப்பட்டு எரிக்கப்பட்டன. அக்கூட்டத்தில் மீர் ஆலமும் தமது செயல் தவறென ஒப்பித் தம் பத்திரத்தை எரிக்கக் கொடுத்தார். வாக்குத் தவறிய அரசு, பிளவுபட்டிருந்தோரை மீண்டும் ஒன்றாக்கியது.

5. தமிழர் பங்கு

பெருவணிகர் இழப்பதற்குக் கடையும் சரக்கும் உடையவர். 1909ஐ அடுத்து அவர்களிற் பலர் தளர்ந்தனர். போராட்டத்தின் சுமை தமிழர்மீது பெரிதும் விழுந்தது. தெருவியாபாரிகளும் ஒப்பந்தத் தொழிலாளர் வழித்தோன்றல்களுமே அவர்களுட் பெரும்பான்மையினர். மொரீசியசிற் பிறந்த தம்பி நாயுடு பன்முறை சிறை சென்றார். சாமி நாகப்பன் சிறைக் குளிராலும் கடுவேலையாலும் நலிவுற்று, விடுதலையானதும் 1909 ஜூலை 6இல் மறைந்தார். பலர் போர்த்துக்கேயரின் டெலகோவாக் குடா வழியாக இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். சென்னையில் அவர்களை ஜி. ஏ. நடேசன் ஆதரித்தார். அவ்வாறு கடத்தப்பட்டு மீண்டுவந்த நாராயணசாமி துறைமுகங்களிற் கரையிறங்க அனுமதிக்கப்படாது அலைக்கழிக்கப்பட்டு, 1910 ஒக்டோபர் 16இல் டெலகோவாக் குடாவில் உயிர்நீத்தார். ‘குடிவரவு ஒழுங்கு’ என்னும் அலுவலகச் சொல் மனித உடலில் எவ்வாறு பொருள் கொண்டது என்பதற்கு அவரது முடிவே சான்று.

6. உடன்பாடும் அதன் எல்லையும்

1913இற் பெண்களும் நேட்டாலின் சுரங்க, தோட்டத் தொழிலாளரும் இணைந்ததும் போராட்டம் வெகுசனத் தன்மை பெற்றது. 1914ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண் வரியை நீக்கியது. இந்தியத் திருமணங்களை ஏற்றது. அத்துடன், உரியவரின் பெருவிரலடையாளம் தாங்கிய நேட்டால் வதிவிடச் சான்றிதழ், அவர் இன்னார் என நிறுவப்பட்டதும், நாட்டினுள் நுழையும் உரிமைக்கு முடிவான சான்றாகும் எனவும் விதித்தது. விரலடையாளம் மறையவில்லை; அதன் திசை மாறியது. முன்னர் அது மக்களை ஐயுறும் அரசின் கருவி. இப்போது, அதிகாரி விரும்பினும் மறுக்கவியலாத உரிமைப் பத்திரத்தின் பகுதி. போராட்டத்தின் உட்பொருளை இவ்விதி புலப்படுத்துகின்றது எனலாம். அதிகாரியின் தற்றுணிபு குறையுமிடத்து இலஞ்சத்துக்கான இடமும் குறைகின்றது.

இவ்வெற்றியின் குறுகிய எல்லையையும் நாம் சுட்டுதல் வேண்டும். ஆபிரிக்கத் தொழிலாளர் அனுமதிச் சீட்டு முறையின் கொடுமையை அதற்கு முன்னரே அனுபவித்து வந்தனர். அவர்களுடன் ஒன்றுபடும் நோக்கு அன்றைய ஆசியத் தலைமைக்கு இருக்கவில்லை; ஆபிரிக்கருடன் சமமாக நடத்தப்படுவதையே அவமதிப்பெனக் கருதிய எழுத்துகளும் உள. 1947இல் சூமா, தாது, நாயக்கர் ஆகிய மூவரின் உடன்படிக்கையும், 1952இன் சட்டமறுப்பு இயக்கமுமே அக்குறையை நிவிர்த்தி செய்யத் தொடங்கின. அனுமதிச் சீட்டுச் சட்டங்கள் 1986இலேயே நீக்கப்பட்டன.

நிறவெறி வீழ்ந்தபின்னும் வினா எஞ்சியுள்ளது. அதே நாட்டில் 2012இல் சமூக உதவிப் பணத்தை உடலடையாளம் மூலம் வழங்குவதற்கென அளிக்கப்பட்ட பெரும் ஒப்பந்தம், கேள்விமனு முறைகேடுகளின் காரணமாகச் செல்லுபடியற்றதென 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தினாற் தீர்ப்பளிக்கப்பட்டது. ஏழையின் விரலைச் சோதிக்க வந்த முறையே சோதனைக்குரியதாயிற்று. எனவே உடலடையாளப் பதிவுகளை மக்கள் ஐயுறும்போது, அதனை அறியாமையென்றோ முன்னேற்ற விரோதமென்றோ ஒதுக்குதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. பதிவைக் காப்பவர் யார், அவர் தவறின் தண்டிப்பவர் யார், பதிவு உரியவருக்குத் தரும் மறுக்கவியலாத உரிமை எது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறாத ஆட்சி, எத்தகைய நுண்ணிய கருவியைக் கையாண்டபோதும் மக்கள் நம்பிக்கையைப் பெறுதல் அரிது. திரான்ஸ்வால் அனுபவம் நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.