நட்பு (கிறிஸ்தவ இறையியல்)
யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களை ஊழியக்காரர் என்னாமல் சிநேகிதர் என்கிறார். தாமஸ் அக்குவைனாஸ் இறையன்பையே கடவுளோடு கொள்ளும் நட்பாக விளக்கினார். இந்த நட்பை மனிதருக்கிடையிலான பொதுவாழ்வின் கேள்வியாக்கியவர் நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910 எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளை மிஷனரிகள் பொருளும் உழைப்பும் தந்தார்கள், நட்பைத் தரவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். கேட்டவர்களில் சிலர் முகம் சுளித்தனர். அவர் கேட்டது பரிவையல்ல, சமநிலையை. 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. 1919 தரங்கம்பாடிக் கூட்டத்திலிருந்து அவர் உழைத்த திருச்சபை ஒன்றிப்பு, அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது.