பண்டாரம்: ஒரு திருக்கோயில் ஆட்சிச் சொல்லின் வரலாறு

'பண்டாரம்' என்னும் சொல் இன்று மதுரையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பூத்தொடுத்தல், பூசனை முதலிய தொண்டுகளையுடைய ஒரு குடியினர்க்குப் பெயராய் வழங்குகின்றது. 'ஆண்டி, பண்டாரம்' என இணைத்துக் கூறுமிடத்து ஒன்றுமில்லாதவன் என்றே பொருள்படுகின்றது. கல்வெட்டுக்களிலோ அச்சொல் பொன்னும் மணியும் வைத்துக் காக்கப்பெற்ற கருவூலத்தைக் குறிக்கும். முரணிய இவ்விரு பொருளும் ஒரு சொற்கு எங்ஙனம் அமைந்தன என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

கலன்களை வைக்கும் இல்லம் எனப் பொருள்படும் 'பாண்டாகாரம்' என்னும் வடசொல் பிராகிருதத்தின் வழியே 'பண்டாரம்' எனத் திரிந்தது. முதல் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்கள் இறைவனது கருவூலத்தை 'ஸ்ரீபண்டாரம்' என்கின்றன. அக்கோயிற் பணம் ஊர்ச்சபைகளுக்குக் கடனாக அளிக்கப்பெற்றது. காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்காற் காசு, அஃதாவது நூற்றுக்கு 12½, வட்டியாக வந்தது. பண்டாரப் பணிக்கு நிலமோ, உறவோ, பொருளோ உடைய பிராமணரையே ஊர்ச்சபையார் அனுப்புதல் வேண்டும் என அரசன் பணித்தனன். இழப்பு நேரின் ஈடுசெய்ய வல்லவரே அப்பணிக்கு உரியர் என்பது கருத்துப் போலும். எனவே, பண்டாரத்தோடு தொடர்புடையார் அந்நாளில் உடையவரே, இல்லாதவர் அல்லர்.

பிற்காலத்தே கருவூலத்தின் பெயர் அதனை ஆள்பவர்க்கு ஆயிற்று. இதனை இடவாகுபெயர் எனக் கொள்ளுதல் பொருந்தும். இராமேசுவரத்துக் கோயிலை ஆண்ட துறவியர் பண்டாரம் எனப்பெற்றனர். திருவாவடுதுறை ஆதீனத்தாரின் நூல்கள் 14-ம் 'பண்டார சாத்திரம்' என்றே பெயர்பெற்றன. கோயிற் பொருளைக் காப்பவர் தமக்கெனப் பொருளில்லாத் துறவியராய் இருந்தமையின், சொல்லின் பொருள் பதவியினின்றும் துறவுக்கு நகர்ந்தது எனலாம்.

இந்நகர்வின் இரு நிலைகளையும் திருமலை நாயக்கர் காலத்து (1623–1659) மதுரையில் ஒருங்கே காணலாம். அங்கயற்கண்ணி திருக்கோயிலின் ஆட்சி அபிடேகப் பண்டாரத்தினிடம் இருந்ததென்றும், அதனை நாயக்கர் தம் கைக்கொண்டனர் என்றும் கோயில் வரலாறு கூறும். அவர் ஆட்சியிலேயே, 1640-ல், மதுரை மறைப்பணியினரான பல்தசார் ட கோஸ்தா 'பண்டார சுவாமி' என்னும் கோலம் பூண்டனர். 1606-ல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி மேற்கொண்ட சந்நியாசிக் கோலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களோடு கலந்து பழகுதல் அரிதாயிருந்தது. பண்டாரக் கோலத்திற்கோ அத்தடை பெரிதும் இல்லை. 1693-ல் ஓரியூரில் கொலையுண்ட அருளானந்தரும் இக்கோலத்தினரே. ஒருவர் கையில் கோயிலின் ஆட்சி. மற்றவர்க்கு எளியோரை அணுகும் காவியுடை. பெயரோ ஒன்றே.

இத்தகைய வீழ்ச்சி தமிழ்ச்சொற்கு மட்டும் உரியதன்று. இடைக்கால ஆங்கில நாட்டு மடங்களில் திருக்கலன்களையும் கோயிற் கட்டடத்தையும் காத்தவர் 'சாக்ரிஸ்ட்' எனப்பெற்றார். ஈலி நகரப் பெருங்கோயிலின் நடுக்கோபுரம் 1322-ல் இடிந்தபோது, அவ்விடத்தே எண்கோண விளக்கு மாடத்தை எழுப்புவித்த ஆலன் அப்பதவியினரே. அச்சொல்லின் இனமான 'சாக்ரிஸ்தன்' பிரெஞ்சு வழியாகத் திரிந்து 'செக்ஸ்டன்' ஆயிற்று. பின்னர் மணியடித்துப் புதைகுழி தோண்டும் ஊழியனைக் குறித்தது. ஆயினும் ஆங்கிலம் பழைய வடிவையும் கைவிடாமையின், உயர்ந்த பொருள் ஒரு வடிவிலும் தாழ்ந்த பொருள் மற்றொரு வடிவிலும் தங்கின. தமிழில் இரண்டனையும் ஒரே வடிவம் சுமக்கின்றது.

ஆதலின் கல்வெட்டுப் பயில்வோர் 'பண்டாரம்' என்னும் சொல்லைக் காணுமிடத்துக் காலமும் இடமும் நோக்கிப் பொருள் கொள்ளுதல் வேண்டும். இன்றைய பொருளைப் பழைய சாசனத்தில் ஏற்றின் வரலாறு பிழைபடும். பழைய பொருளை மறந்து அச்சொல்லை ஏளனமாக வழங்கின், கோயிற் செல்வத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து நின்ற ஒரு பெயர்க்கு இழுக்குச் செய்தவராவோம்.