கூண்டில் யார், ஆசனத்தில் யார்?

‘பராசக்தி’ (1952) என்றதும் நீதிமன்ற வசனம்தான் ஞாபகத்துக்கு வருது. எழுதியவர் மு. கருணாநிதி. திருவாரூரில் படித்து, 1942இல் அங்கிருந்தே ‘முரசொலி’யைத் துண்டு வெளியீடாகத் தொடங்கியவர். அடுக்குமொழி என்று கேலி செய்பவர்களும் சரி, கொண்டாடுபவர்களும் சரி, வசனத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

அந்த வசனத்துக்கு வலு எங்கிருந்து வந்தது? பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து உருவான இப்பிரதி, ஒரு குடும்பத்தை முதலில் சிதறடிக்கிறது. குழந்தையைக் கொன்ற வழக்கில் கூண்டில் நிற்பவள் கல்யாணி. நீதிபதி ஆசனத்தில் இருப்பவன் அவள் அண்ணன் சந்திரசேகரன். பார்வையாளருக்கு இது தெரியும்; அவனுக்குத் தெரியாது. இந்த ஏற்பாடு இல்லையென்றால் குணசேகரனின் பேச்சு வெறும் மேடைப்பேச்சாகப் போயிருக்கும். யாரை எங்கே நிறுத்துவது, யாருக்கு எது தெரியும், யாரைப் பேசவிடுவது – திரைக்கதை என்பது இதுதான்.

இதே அளவுகோலைக் கீழத்தஞ்சைக்கும் வைத்துப் பார்க்கலாம். படம் வந்தது 1952 தீபாவளிக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் ராஜாஜி அரசு தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த வயல்களில் கம்யூனிஸ்டுகள் கட்டிய சங்கமும் போராட்டமும் அதற்குப் பின்னால் இருந்தன. பசியைப் பற்றி அவ்வளவு பேசிய படத்தின் கூண்டில் பண்ணையாளுக்கு இடமில்லை. எழுதியவரின் தனிப்பட்ட குறையாக இதைச் சுருக்க வேண்டாம். குடும்பம் சிதறிச் சேரும் கதையில், சிதறுவதற்கே ஒன்றும் இல்லாதவனை எங்கே நிறுத்துவது?

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. பணக்காரர்கள் தாங்களே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது அதற்கு நம்பும்படியாக இல்லை. யாருடைய கதை நம்பும்படியானது என்று தீர்மானிப்பதும் திரைக்கதை வேலைதானே!

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) மிராசுதாரின் ஆண்மைக்குறைவை முன்னே வைத்து, கூலிப் போராட்டத்தைப் பின்னுக்குத் தள்ளியது என்ற விமர்சனம் எழுந்தது. அந்நாவலைத்தான் ஸ்ரீதர்ராஜன் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ (1983) என்று படமாக்கினார். பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ (2005) ஆவணப்படத்தில் உயிர்தப்பியவர்களே பேசினார்கள். அடுக்குமொழி கிடையாது, ஆனால் சாட்சிகளின் இடம் மாறிவிட்டது.

நல்ல திரைக்கதை வேணும் என்று நம்மவர்கள் சொல்லும்போது பெரும்பாலும் நல்ல வசனத்தைத்தான் கேட்கிறார்கள். எழுத உட்காரும் நண்பர்கள் கூண்டையும் ஆசனத்தையும் முதலில் முடிவு செய்யட்டும். வசனத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.