முதலாளி, தொழிலாளி, பங்காளி: ஒரு காப்பிக்கடையின் வரலாறு

தமிழில் ‘ஆளி’ என்று முடியும் சொற்கள் பல. முதல் உடையவர் முதலாளி. தொழில் உடையவர் தொழிலாளி. பங்கு உடையவர் பங்காளி. ‘ஆள்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்ததாயினும் இவ்விகுதி ஆட்சியைவிட உடைமையையே மிகுதியும் சுட்டும். (கடனாளி கடனை ஆள்பவர் அல்லர், கடன்தான் அவரை ஆள்கிறது.) சொல்லமைப்பில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே படியில் நிற்கின்றனர். உணவகத்தில் அவ்வாறு நிற்பதில்லை. கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்திருப்பவர் ஒருவர். அடுப்படியில் வேகின்றவர்களும் மேசைக்கு மேசை நடக்கின்றவர்களும் வேறு. இந்த இடைவெளியைக் கடந்த ஓர் உணவகத்தின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

உலகப் பொருளாதார மந்தத்தால் 1930களில் காப்பி விலை வீழ்ந்தது. உள்நாட்டிலேயே காப்பி குடிப்போரைப் பெருக்க வேண்டிய கட்டாயம் தோட்டக்காரர்களுக்கு ஏற்பட்டது. அதற்கென அமைந்த காப்பித் தீர்வைக் குழு 1936இல் பம்பாயில் ‘இந்தியா காப்பி ஹவுஸ்’ என்னும் கடையைத் திறந்தது. பின்னர் காப்பி வாரியத்தின் கீழ் வந்த இக்கடைகள் பல நகரங்களுக்கும் பரவின. கல்கத்தாவில் கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் மண்டபத்தில் 1942இல் திறந்த கடை, எழுத்தாளரும் மாணவரும் மணிக்கணக்கில் அமர்ந்து வாதிடும் இடமாயிற்று. ஒரு கோப்பைக் காப்பிக்கு ஒரு பிற்பகல் முழுவதையும் கொடுத்த கடை அது. இன்றைய வாடகைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது நம்பற்கரியது.

1950களின் நடுப்பகுதியில் வாரியம் கடைகளை மூடத் தொடங்கியது. வேலை இழந்தவர்கள் சமையற்காரர்கள், பரிமாறுநர்கள், மேசை துடைப்போர். வழக்கமாக இத்தகைய கதை இழப்பீட்டுக் கோரிக்கையோடு முடிந்துவிடும். இங்கே அவ்வாறு முடியவில்லை. பொதுவுடைமைத் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஏ. கே. கோபாலன், வேலையைத் திருப்பிக் கேட்பதோடு நில்லாமல் கடைகளையே நீங்கள் எடுத்து நடத்துங்கள் என்று தொழிலாளர்களைத் தூண்டினார். 1957இல் பெங்களூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. அதே ஆண்டில் தில்லியிலும், 1958இல் திருச்சூரிலும் தொழிலாளர்கள் தாமே கடை திறந்தனர். பெயரில் ஒரு சிறு மாற்றம் செய்தனர்: ‘இந்தியா காப்பி ஹவுஸ்’ என்பது ‘இந்தியன் காப்பி ஹவுஸ்’ ஆயிற்று. ஓரெழுத்துதான் கூடிற்று. ஆயினும் நாட்டைக் குறித்த பெயர் நாட்டு மாந்தரைக் குறிப்பதாயிற்று எனக் கொள்வதில் தவறில்லை.

இவ்வமைப்பை ஆங்கிலம் சேர்ந்து உழைத்தல் என்ற பொருளில் வழங்குகிறது. மலையாளத்தின் ‘சககரணம்’ அதை ஒட்டியே நிற்கிறது. தமிழில் முதலில் ‘ஐக்கிய நாணயச் சங்கம்’ என்ற வழக்கு இருந்தது. பின்னர் ‘கூட்டுறவு’ நிலைபெற்றது. இச்சொல்லில் உழைப்பு இல்லை, உறவு இருக்கிறது. மலேசியத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பணம் செலுத்தித் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனது அதனால்தான். நம்மவர் இச்சொல்லின் பொருளை அகராதியில் தேட வேண்டியிருந்ததில்லை.

கூட்டுறவில் ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரு வாக்குதான். காப்பி ஹவுஸில் நிருவாகக் குழுவை உறுப்பினர்களான தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். பாத்திரம் கழுவுபவராகச் சேர்ந்தவர் பரிமாறுநராகி, மேலாளராகவும் உயர முடியும். கேரளக் கடைகளில் மசாலைத் தோசையின் உள்ளீடு பீட்ரூட்டால் சிவந்திருப்பதைப் பலரும் அறிவர். அதன் விலையை அறிந்தவர் அதனினும் பலர். எளிய வருவாயுள்ளவர் தயங்காமல் நுழையும் கடை என்ற பெயர் அங்கே நெடுங்காலம் நிலைத்தது.

குறைகளும் உண்டு. பல பத்தாண்டுகள் பரிமாறுநர்கள் அனைவரும் ஆண்களாகவே இருந்தனர். உறவு என்று பெயர் கொண்ட ஓர் அமைப்பில் இது உறுத்தத்தான் செய்கிறது. தேர்தல் உண்டென்றால் அணியும் உண்டு, அணி உண்டென்றால் பூசலும் உண்டு. இவ்விடத்தில் ‘பங்காளி’ என்ற சொல்லை மீண்டும் பார்க்கலாம். மலையாளத்தில் அது கூட்டாகச் செயல்படுபவரைக் குறிக்கும் இணக்கமான சொல். தமிழில் அது ஒரே குடிவழியில் சொத்துரிமை உடையவர். வரப்புத் தகராறும் வழக்குமன்றமும் அச்சொல்லோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். கேரளத்துக் கடைக்கும் தமிழ்ப் பொருளே பொருந்துகிறது என்பது என் கருத்து. கூலிக்கு நிற்பவர் மனம் வெறுத்தால் வேறு கடை தேடிப் போவார். பங்குடையவர் போகமாட்டார், இருந்து சண்டையிடுவார்.

வாரியக் காலத்து விசிறித் தலைப்பாகையைச் சங்கத்தார் கைவிடவில்லை. பரிமாறுநர் ஒருவகைப் பட்டையும் அவர்களின் தலைவர் வேறுவகைப் பட்டையும் அணிகின்றனர். பதவி வேறுபாடு கடைக்குள் நுழைந்தவுடன் கண்ணுக்குத் தெரிகிறது. நிருவாகக் குழுத் தேர்தல் நாளில் மட்டும் அவர்கள் அனைவருக்கும் ஆளுக்கொரு சீட்டு.